கூட்டத்தில் ஒரு பெயர் கேட்க வேண்டும்

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் தேருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அன்று மைக் ஓயாது. பச்சைச் சட்டை போட்ட சிறுவன், ஊர் பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் விழாப் பந்தலுக்கு வரவும் என்று ஒரு குரல் வரும். பிள்ளையைத் தொலைத்துவிட்டுப் பதறும் தாய்க்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். அந்த நேரம் பார்த்து மைக் ஊளையிடும். மைக் செட்டுக்காரர் ஓடிவந்து வால்யூமைக் குறைப்பார். ஊளை நிற்கும், அறிவிப்பும் பந்தலைத் தாண்டாது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவே இல்லை.

மெஷின் கோளாறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல மெஷினிலும் இது வரும். ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து கிளம்பும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போகிறது. ஆம்ப்ளிஃபையர் அதையும் பெருக்கி வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது குறையாமல் வந்தால், ஏதோ ஒரு சுருதி மட்டும் வளர்ந்து வளர்ந்து மனுஷக் குரலை விழுங்கிவிடும். இந்தச் சுற்றை உடைக்க முதல் வழி, மைக்கையும் குழாயையும் வைக்கிற இடம். பேசுகிறவர் குழாய்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், குழாய்களின் வாய் மக்களைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். அது பாதியானால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். ஓரடி தள்ளிப் பேசுகிறவர் மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல். அந்த அளவுக்கு வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம், ஊளையும் அடங்கும். ஆனால் நம் ஆட்கள் மைக் கத்தினால் பயந்து தள்ளிப் பிடிக்கிறார்கள், இல்லாவிட்டால் அதன் தலையைக் கையால் பொத்துகிறார்கள். பொத்துவது இன்னும் மோசம். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கச் சத்தத்தை அதிகமாக வாங்கி, பின்பக்கத்தை ஒதுக்கும்படி செய்யப்பட்டவை. வலைக்குப் பின்னுள்ள துளைகளை அடைத்தால் அந்தக் குணம் போய், எல்லாப் பக்கமும் கேட்கும் காதாக மாறிவிடும். பேசாத மைக்கை அணைத்து வைப்பதும் அவசியம். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும்.

கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு மாதிரி இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. வாடிவாசலில் மாடு வருது, விலகுங்க என்று வர்ணனையாளர் கத்துவது எச்சரிக்கை. அவர் நிற்கும் மேடைக் கம்பத்திலேயே குழாயைக் கட்டினால் அந்த எச்சரிக்கை ஊளையில் போய்விடும். ஒரே இடத்தில் பெரிய குழாய் கட்டுவதைவிட, கேலரி நெடுக சின்னச் சின்ன பாக்ஸ்களைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குறைந்த சத்தத்தில் பேசுவது எவ்வளவோ மேல். கருங்கல் மண்டபத்துக்குள் மைக் வைத்தால் இன்னும் கவனம் தேவை. கல் சத்தத்தைக் குடிக்காது, திருப்பி மைக்குக்கே அனுப்பும்.

பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் வழி சுலபம். அறிவிப்பாளர் அறைப் பக்கத்து ஸ்பீக்கர், அவர் பட்டனை அழுத்தியதும் தானாக அணைய வேண்டும். இல்லையென்றால் அறிவிப்பைப் பதிவு செய்து, மைக்கை மூடியபின் ஒலிக்கவிடலாம். அப்போது சுற்றே கிடையாது. குரலைச் சில ஹெர்ட்ஸ் நகர்த்தி அனுப்பினால் ஊளை தள்ளிப்போகும் என்று ஒலியியல் அறிஞர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களிலேயே காட்டினார். ஊளையிடும் சுருதியைத் தானே தேடி வெட்டும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. இவை கொஞ்சம்தான் கைகொடுக்கும், தப்பான இடத்தில் கட்டிய குழாயை எந்தக் கருவியும் காப்பாற்றாது.

விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மைக் செட்டுக்காரரைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டு, பேனருக்கும் தோரணத்துக்கும் போக மிச்சமான மூலையைக் காட்டாதீர்கள். முதல் நாளே வரச்சொல்லி, குழாய் எங்கே கட்ட வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். அறிவிப்பு மைக்குக்குத் தனி இடம் கொடுங்கள்.