சாம்புவோடு ஓடிய காலைகள்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஒரு விடியற்காலை, நாலாவது கிலோமீட்டரில், சிரிப்பு தாங்காமல் நின்றுவிட்டேன். எதிரே கைத்தடியோடு நடந்துவந்த பெரியவரும் நின்றார். "என்ன தம்பி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "ஒண்ணுமில்ல சார், துப்பறியும் சாம்பு கேட்டுக்கிட்டு ஓடுறேன்" என்றேன்.

"அட, தேவன்!" என்றார். அந்த ஒரு சொல்லில் எழுபது வயது மறைந்துபோயிற்று.

அரை மாரத்தானுக்கு அது என் இரண்டாவது முயற்சி. 21.1 கிலோமீட்டர். முதல் முயற்சியில் சினிமாப் பாட்டு கேட்டபடி ஓடினேன். பாட்டின் தாளம் காலை இழுத்துக்கொண்டு போகும். வேகம் கூடுவதே தெரியாது. ஆறாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து, ஒரு மாதம் படுத்திவிட்டது. நீண்ட தூரத்துக்குப் பழகுகிறவர்களிடம் பயிற்சியாளர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: பெரும்பாலான நாட்களில், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓடு. தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது? அப்போதுதான் ஒலிநூலாகச் சாம்பு வந்து சேர்ந்தார்.

வங்கி குமாஸ்தாவாக இருந்த நடுவயதுக்காரர், வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு. எல்லோரும் அசடு என்று ஒதுக்கியவர். அவர் எதையோ நினைத்து எதையோ செய்ய, திருடன் தானாக வந்து சிக்குவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா சாமர்த்தியம் என்று மெச்சுவார். 1940களில் ஆனந்த விகடனில் இந்தக் கதைகளை எழுதிய தேவன், அசட்டை ஒருபோதும் அவமதிக்கவில்லை. சாம்பு ஜெயிக்க வேண்டும் என்று நமக்குள் ஒரு பிரியத்தை வளர்த்துவிடுகிறார். 1957-இல், 44 வயது முடிவதற்குள், அவர் இறந்துபோனார் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மர்மக் கதை கேட்டுக்கொண்டு ஓடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆட்டோவுக்கு ஒதுங்கும்போதோ, நாய்க்கூட்டத்தைத் தாண்டும்போதோ இரண்டு வரி நழுவிவிடும். அந்த இரண்டு வரியில் தடயம் இருந்தால் முழுக் கதையும் போயிற்று. சாம்பு கதையில் அந்தப் பயமில்லை. சாம்புவே தடயத்தைப் பின்தொடர்வதில்லையே! ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒன்று என்று கணக்கும் வைத்துக்கொள்ளலாம். இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். வலது காது சாலைக்கும் கடலுக்கும்.

சிரிப்புதான் எனக்கு நல்ல அளவுகோலாக அமைந்தது. மூச்சுக்கு உழைக்கும் தசைகள்தான் சிரிப்புக்கும் உழைக்கின்றன. வேகம் அளவு மீறியிருந்தால், சாம்புவின் மனைவி வேம்பு கணவரைப் பார்த்துப் பெருமைப்படும் இடத்தில்கூட உதடு மட்டும் லேசாக அசையும், சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். சரியான வேகம் என்றால் வாய்விட்டுச் சிரிப்பேன்; நாலைந்து எட்டுக்குள் மூச்சு பழைய சீருக்குத் திரும்பிவிடும். மே மாதப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பு சூடாகும், இதயம் வேகமாக அடிக்கும். அந்த நாட்களில் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால்தான் சிரிக்க முடிந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஒரு விதி வைத்திருந்தேன்: ஓடும்போது மட்டுமே சாம்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது, ஆரம்பத்தில் ஆட்கள் கூடுதலாக வந்தார்கள். விடுமுறை குறுக்கிட்டதும் அந்தப் பழக்கம் தளர்ந்தது. எனக்கும் அப்படித்தான். ஊருக்குப் போன பத்து நாளில் விதியை மீறி, திண்ணையில் படுத்தபடி இரண்டு கதை கேட்டேன். அதே குரல்தான், அதே தேவன்தான். ஆனாலும் கால் சும்மா கிடக்கும்போது அந்தச் சிரிப்பு பாதியாகத்தான் வந்தது. திரும்பி வந்து அந்த இரண்டையும் ஓடிக்கொண்டே மறுபடி கேட்டேன்.

பெரியவரை இப்போதெல்லாம் கடற்கரையிலுள்ள ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அவருடைய அப்பா விகடனிலிருந்து சாம்பு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தாராம். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. ஆனால் ஐம்பது கதைகளும் அவருக்கு நினைவிருக்கின்றன. தூரத்தில் என்னைக் கண்டதுமே கைத்தடியை உயர்த்தி, "இன்னைக்கு எந்தக் கதை?" என்று கேட்பார். தலைப்பைச் சொன்னால் போதும், அவர் கண் சிரிக்கத் தொடங்கிவிடும்.

"முடிவை மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டி ஓடுகிறேன்.