படத்திற் காணாத விதைகள்

எமது கல்லூரித் தாயின் விழா மலருக்கு ஒரு கட்டுரை விடுக்குமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். விடுதி வாழ்வையும் விளையாட்டு மைதானத்தையும் எழுத வல்லார் பலர் உளர். வைத்தியசாலையில் ஊடுகதிர்ப் படம் பார்ப்பதிலேயே ஆயுளிற் பாதியைக் கழித்த நாம், அத்தொழிலில் எமக்கு நேர்ந்த பிழையொன்றையே எழுதத் துணிந்தோம்.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பரின் துணைவியார் வயிறு வீங்கி வந்து சேர்ந்தார். சூலகப் புற்றுநோய், வயிற்றில் நீரும் கோத்திருந்தது. சீ.ரி. படத்தை நாமே பார்த்து, சூலகக் கட்டியையன்றிப் பெரும் பரவல் காணப்படவில்லை என்று அறிக்கை எழுதினோம். அதனை நம்பிச் சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றைத் திறந்தார். குடலின் மேலும் பிரிமென்றகட்டின் அடியிலும் கடுகு தூவினாற்போலக் கட்டிகள்! அகற்ற வழியின்றித் தைத்து மூடினார். காயம் ஆறும்வரை மருந்தேற்றலும் பிந்தியது.

"படத்திலே இது ஒன்றும் தெரியவில்லையா, மச்சான்?" என்று நண்பர் கேட்டார். அன்று நாம் மறுமொழி சொல்லவில்லை.

இந்நோய் வயிற்றறையின் நீரில் மிதந்து சென்று, அவ்வறையைப் போர்த்தியிருக்கும் சுற்றுவிரியெங்கும் விதைபோல விழுந்து முளைப்பது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த முளைகளைச் சீ.ரி. பெரும்பாலும் தவறவிடும். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதன்முதல் நோயாளியொருவரிற் படம்பிடித்தது அசையாது கிடக்கும் மூளையை. குடலோ ஓயாது நெளிவது, மடிப்புக்குள் மடிப்பாய்க் கிடப்பது.

கட்டி எவ்வளவு குறைவாக எஞ்சுகிறதோ அவ்வளவுக்கு ஆயுள் நீளும் என்பதை 1975இல் கிரிபித்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் காட்டினார். ஆகவே, முற்றாக அகற்ற இயலாதெனின் முதலில் மருந்தேற்றி, நோய் சுருங்கியபின் வெட்டுவதே முறை. எதனைக் கொண்டு முன்கூட்டி அறிவது? நெதர்லாந்தில் 201 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். நேரே வயிற்றைத் திறந்த பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கு 1 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி எஞ்சியது, அச்சத்திரசிகிச்சை வீணாயிற்று. சிறு துளையிட்டு லப்பறஸ்கோப்பினால் முன்னரே உட்பார்த்த பிரிவில் அது நூற்றுக்கு 10 மாத்திரமே.

எமது தொழிலுக்காக ஒரு சொல்லேனும் பேசாவிடின் உடன் தொழில்புரிவோர் எம்மை மன்னியார். நெஞ்சறையையும் ஈரலின் உட்புறத்தையும் முதுகையடுத்த நிணநீர்க் கணுக்களையும் அத்துளைவழிக் கண் காணாது, படமே காட்டும். எம்.ஆர்.ஐ.யின் புதிய முறைகள் சிறு முளைகளைச் சீ.ரி.யினும் நன்றாகக் காட்டுகின்றன. ஆயினும் அந்நாளின் பின், "சிறு கட்டிகள் இல்லையென இப்படத்தைக் கொண்டு கூற முடியாது" என்னும் வரியை எழுதாமல் இத்தகைய அறிக்கை எதிலும் நாம் ஒப்பமிட்டதில்லை.

அம்மையார் மூன்று முறை மருந்தேற்றியபின் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். நண்பர் அக்கேள்வியை மறுமுறை கேட்டதில்லை. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். இம்மலர் அவர் கைக்கும் செல்லும்.