தகப்பன் இடத்தில் ஒரு கோடு

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-ல். மறு வருஷம் அம்மா பிறந்தாள். ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயர் இடத்தில் ஒரு கோடு மட்டும். ஆச்சி சாகும்வரை வாய் திறக்கவில்லை.

என்.டி.திவாரிதான் தன் அப்பா என்று வழக்குப் போட்ட ரோகித் சேகருக்குப் பெயராவது தெரியும், நிரூபணம்தான் பாக்கி. டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவில் ரத்தம் எடுத்து, 2012-ல் அதுவும் கிடைத்தது. எங்களுக்குப் பெயரே இல்லை.

அம்மா என்னிடம் அமெரிக்கா வந்திருந்தபோது எச்சிலைக் குப்பியில் பிடித்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினேன். தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த கடற்கரை. எல்லாரும் எல்லாருக்கும் தூரத்துச் சொந்தம். 90, 110 சென்டிமார்கன் பொருத்தத்தையெல்லாம் நம்ப முடியாது. பழைய பாட்டன்மார் விட்டுப்போன துணுக்குகளே கூடிக்கூடி அந்த எண்ணைக் காட்டிவிடும். ஆனால் ஒரு பையன் 812. ஆச்சி வழி ஆளும் இல்லை. பெரும்பாலும், அம்மாவுக்குத் தெரியாத ஒரு அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளை.

அவனுக்கு எழுதிய மெசேஜை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவன் ஆச்சி உசுரோட இருந்தா என்னல செய்வ?"

அனுப்பவில்லை. போன வாரம் அவளே போனில் கேட்டாள், "அந்தப் பய போட்டோ இருக்கால?"