சுமந்தவர்களும் இளைப்பாறட்டும்

தியானப் பகுதி: உபாகமம் 5:12-15, மாற்கு 6:30-34



சித்திரை வெயில் வைகை மணலைச் சுடத் தொடங்கியதும் மதுரைச் சபைகளில் கொடைக்கானல் பேச்சு எழும். வாலிபர் முகாம், குடும்ப முகாம், ஏரிக்கரை நடை, படகுச் சவாரி எனத் திட்டங்கள் விரியும். அந்த மலைக்கு நம்மவர் ஏறத் தொடங்கிய வரலாற்றை இவ்வாரம் சிந்திப்போம்.

1834-இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களுள் பலரைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையை நாடினார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல், பளியர் வாழ்ந்துவந்த பழனிமலைக் காடுகளின் உச்சியில், ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் நகரம் அவற்றைச் சுற்றியே வளர்ந்தது. ஏரி உருவானது 1863-இல்.

மோட்டார் சாலை வருமுன் பெரியகுளத்தை அடுத்த அடிவாரம் வரை மாட்டுவண்டியில் வருவார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக்கு நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியில் சுமக்கப்பட்டோ ஏறவேண்டும். நோயுற்ற தாயையும் குழந்தையையும் தோள் மாற்றித் தூக்கிச் சென்றவர்கள் கூலியாட்கள். காய்ச்சல் அவர்கள் வீட்டையும் விடவில்லை. ஆயினும் சுமையை இறக்கியபின் அவர்கள் வந்த வழியே வெயிலுக்குத் திரும்பினார்கள். வீடுகளின் பெயர்கள் நிலைத்தன. சுமந்தவர்களின் பெயர்களை நாம் சொல்வதில்லை.

இளைப்பாறச் சென்றவர்களை நான் குறைகூறவில்லை. களைத்த சீஷரைத் தனிமையான இடத்திற்கு அழைத்தவர் ஆண்டவரே. ஆனால் ஓய்வுநாள் கட்டளையை ஊன்றி வாசியுங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே ஓய்ந்திருக்கவேண்டும் என்கிறது அது. மாட்டையும் கழுதையையும்கூட மறக்கவில்லை. எகிப்தில் சுமை சுமந்த ஜனத்திற்கு தேவன் கொடுத்த கட்டளை அல்லவா அது!

இன்று நாற்காலி தூக்குவோர் இல்லை, சுமப்போர் இருக்கிறார்கள். எங்கள் முகாமுக்கு வேன் ஓட்டிவந்த ஒரு சகோதரரை ஏரியைச் சுற்றி நடக்க அழைத்தேன். “எத்தனையோ தடவை வந்திருக்கேன் ஐயா, ஒரு தடவையும் நடந்ததில்லை. ராத்திரி வண்டியிலேயே குளிரில் கிடப்பேன், விடிஞ்ச பிறகுதான் கண் அசரும்” என்றார். அன்றுமுதல் எங்கள் சபையில் ஓர் ஒழுங்கு உண்டு: ஓட்டுநருக்கு அறையும் கம்பளியும் உறுதியான பின்னரே மற்றவர்களுக்கு அறை பதிவாகும்.

பிரியமானவர்களே, இக்கோடையில் நீங்கள் மலையேறுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் ஓய்வை யார் சுமக்கிறார்? அவர் எங்கே உறங்குவார்? வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரிக்கு, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களின் சம்பளம் உண்டா?

ஜெபம்: இளைப்பாறுதல் தரும் ஆண்டவரே, எங்களைச் சுமக்கிறவர்களைக் காணும் கண்களைத் தாரும். நாங்கள் பெறும் ஓய்வை அவர்களும் பெற எங்களை உபயோகித்தருளும். ஆமென்.