ஒரு கண்மாய்க்கு ஈடு இன்னொரு கண்மாயா?

கொத்தமங்கலத்துக்குப் போகிறவர்கள் முதலில் வீடுகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். காரைக்குடி பக்கத்து நகரத்தார் ஊராயிற்றே! ஆனால், மழை நாளில் போனால் கொஞ்சம் தரையையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்களில் ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து வடிகால் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊரணிக்கு. பெரிய ஆறு பாயாத வறண்ட சீமையில், மாளிகை கட்டியவர்கள் தண்ணீருக்கும் வழி கட்டி வைத்தார்கள்.

ஊரணி குடிக்க, கண்மாய் வயலுக்கு. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்கு நீர் போகும். எல்லாம் ஒரே சங்கிலி. நடுவில் ஒன்றைச் சாலைக்கோ வீட்டு மனைக்கோ மூடினால், கீழே உள்ளவையும் காயும்.

'அதற்குப் பதிலாக வேறிடத்தில் ஒரு குளம் வெட்டிவிடலாமே?' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அழித்த ஈரநிலத்துக்கு வேறிடத்தில் ஈடு செய்ய வேண்டும் என்பது 1980-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் கொள்கை. ஆனால், உலகெங்கும் மீட்டெடுத்த, புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது வேறு. நூறு வருடம் கழிந்தும் அங்கே செடிகொடி, உயிரினங்களின் நிலை இயற்கை ஈரநிலத்தைவிடச் சராசரியாக 26 சதவிகிதம் குறைவு!

நம் சென்னைப் பள்ளிக்கரணையே சாட்சி. குப்பைமேடும் கட்டடங்களும் தின்றதுபோக மிஞ்சிய சதுப்பில் 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-ல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. பறவைகள் வருகின்றன. ஆனால், கட்டடம் எழுந்த இடத்தில் முன்பு தேங்கிய வெள்ளம் இப்போது வேளச்சேரி வீடுகளுக்குள் வருகிறது.

அப்படியானால் ஈடு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? கொத்தமங்கலத்திலிருந்து திருப்பத்தூர் பக்கம் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மூன்று கண்மாய்கள், சுமார் 38 ஹெக்டேர், 1977-லிருந்து சரணாலயம். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

புதிதாக வெட்டிய குளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரத்துக்கால் திறந்திருக்கிறதா? தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது? நாரை நின்று மீன் பிடிக்க ஆழம் குறைந்த சரிவான கரை உண்டா, அல்லது சுற்றிலும் செங்குத்துச் சுவர்தானா? பறவை வந்து போகிறதா, கூடு கட்டுகிறதா? இதை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. பல வருடம் எண்ண வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகள், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. செட்டிநாட்டு ஊரணியும் கண்மாயும் பெரும்பாலும் அந்த வகைதான். கணக்கிலேயே இல்லாததற்கு ஈடு யார் கேட்பார்கள்?

அதனால், அடுத்த முறை கொத்தமங்கலம் போனால் வீட்டைப் படம் எடுத்த கையோடு, அந்தக் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். வழி இன்னும் திறந்திருந்தால், அந்த ஊருக்கு ஈடே தேவையில்லை.