விடாத பிரேக்

ஓடும் வண்டி நில்லாமற்போனால் ஆபத்து என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். பிடித்த பிரேக் விடாமற்போனாலும் அதே ஆபத்துதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரயில்வேயில் இதற்குப் ‘பிரேக் பைண்டிங்’ என்று பெயர். நில்லாது கடந்து செல்லும் வண்டியையும் நிலைய ஊழியர்கள் கூர்ந்து நோக்குவதற்கு, எந்தச் சக்கரத்திலேனும் புகையோ பொறியோ எழுகிறதா என்று காண்பதும் ஒரு காரணம். பார்சல் ஆபீசில் பேரேடு எழுதும் குமாஸ்தாவாகிய எனக்கும் கேள்வி ஞானத்தால் இவ்வளவு தெரியும்.

கல்யாணில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு ஒரு பிக்கப் வண்டியே காணியும் நிலமும். நாள்தோறும் விடியுமுன் வாஷி மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வருவார். சென்ற மழைக்காலம் முடிந்த சமயம், “தம்பி, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது” என்றார். இறங்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோகவே அனல் அடித்தது; கருகிய நாற்றமும் வந்தது. வலது சக்கரத்தில் சாதாரணச் சூடுதான்.

மறுநாள் அவர் நாசிக் சென்று வெங்காயம் ஏற்றிக்கொண்டு கசாரா மலைப்பாதையில் இறங்க வேண்டும். “ஓட ஓடச் சரியாகிவிடும், வாடகையை விட்டால் தவணைக்கு என்ன செய்வது?” என்பது அவர் வாதம். நான் சொன்னேன்: “அண்ணாச்சி, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதியாது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்துக் குமிழி கண்டால் பெடல் அடிமட்டம் வரை போகும், வண்டி நில்லாது.” அவர் யோசித்தார். உள்ளிருந்து மதினிதான் முடிவு சொன்னார்: “தவணையைப் பிந்திக் கட்டலாம். ஆளைப் பிந்தி வாங்க முடியுமா?”

தெருமுனை மெக்கானிக்கை அழைத்தோம். சூடு தணியும்வரை அவர் கை வைக்கவில்லை. சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டலாகாது. சக்கரம் கைக்குச் சுழலவில்லை. காலிப்பரின் நிப்பிளைச் சிறிது தளர்த்தினார். சக்கரம் விட்டிருந்தால், ஹோஸ் முதலியவற்றில் அழுத்தம் தங்கியிருக்கிறது என்று பொருள். அது விடவில்லை, ஆகவே கோளாறு காலிப்பரில்தான்.

காலிப்பர் என்பது டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் கிடுக்கி. ஒருபுறம் பிஸ்டன் தள்ளும். மறுபுறமும் கவ்வும்படி அது இரண்டு பின்களின்மேல் நகரும். கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து துரு ஏறியிருந்தது. உட்புறப் பேடு வெளிப்புறத்தைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்ததும் அதற்குச் சாட்சி. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். பிஸ்டன் தடையின்றி உள்ளே சென்றது. பின்னும் உறையும் புதிதாயின. துளையைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் இட்டார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடுமாம். இரு முன்சக்கரங்களுக்கும் பேடுகளை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்தினார்.

ஒருநாள் வாடகை போயிற்று. அடுத்த நாள் அண்ணாச்சி நாசிக் போய் வந்தார்.

நம்மவருள் வண்டி வைத்துப் பிழைப்போர் பலர். மழைக்காலம் கழிந்ததும் பின்களையும் உறைகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஓடி நின்ற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், வண்டி ஒருபக்கம் இழுத்தால், கருகிய நாற்றம் வந்தால், அன்றே நிறுத்துங்கள். வருமானத்தை எண்ணித் தயங்கும் ஆண்பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள பெண்கள் சற்று உரத்தே சொல்லலாம்.