அரை லிட்டர் தண்ணீர்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் நடந்து வருவோர்க்கு நீரும் மோரும் வழங்குவர். அவ்வூரிலேயே வாழும் என் தமையனாருக்கோ நாளொன்றுக்கு அரை லிட்டர் நீர்தான். அண்ணியார் காலையிலேயே அதனைப் புட்டியில் அளந்து வைத்துவிடுவார். காப்பியும் கஞ்சியும் அந்தக் கணக்கிலேயே அடக்கம்.

அண்ணனின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. பருகும் நீர் வெளியேற வழியின்றிக் கால்களில் தேங்கும். மிகுந்தால் நுரையீரலை அடைந்து மூச்சை முட்டும். வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரம் அவரது குருதியை நுண்ணிய இழைகளினூடே செலுத்தி, நச்சையும் மிகுநீரையும் களைந்து திருப்பி அனுப்புகிறது. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் கோல்ப் 1943-இல், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கிடையே, தொத்திறைச்சிக்குப் பயன்படும் செலோபேன் குழாயை உருளையில் சுற்றி அமைத்த கருவியின் வழித்தோன்றலே இது. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் அதனால் உயிர் பிழைத்தார்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் கட்டணச் சுமை எங்களை நசுக்கவில்லை. தாகந்தான் கொடிது. உப்பைக் குறைத்தால் அது ஓரளவு தணியும். ஆகவே ஊறுகாயும் கருவாடும் வீட்டைவிட்டே போயின. நோயாளியைக் காண வருவோர் அன்போடு இளநீர் கொணர்வதுண்டு. வேண்டாம் அன்பர்களே! அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாத உடலில் இதயமே நின்றுவிடக்கூடும்.

சென்ற தவக்காலத்தில் ஓரிரவு அண்ணன் கேட்டார்: "தம்பி, இதை நான் நிறுத்திவிட்டால் தற்கொலைப் பாவமாகுமா?"

எனக்கு நா எழவில்லை. பங்குத்தந்தையை அழைத்து வந்தேன். 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு அளித்த விளக்கத்தை அவர் எடுத்துரைத்தார்: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு, தாங்கொணாச் சுமையாகும் வழிகளுக்குக் கட்டாயமில்லை. அத்தகைய சிகிச்சையை மறுப்பது சாவைத் தேடுவதாகாது என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறதாம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சுமை தாங்கக்கூடியதா என்று சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் சலித்துப்போய் அவரை அந்த முடிவுக்குத் தள்ளிவிடலாகாது" என்றார். அண்ணியார் தலை குனிந்தார், நானுந்தான். ஆட்டோவுக்குக் காத்திருக்கும் காலைகளில் எங்கள் முகத்தில் அவர் எதைப் படித்திருப்பாரோ!

அண்ணன் "அப்படியா, சாமி?" என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் வியாழன், அவரது சிகிச்சை நாள். ஐந்து மணிக்கே எழுந்து சட்டையை அணிந்துகொண்டு, ஆட்டோ வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.